இரவு பத்து மணிக்கு மேல் பேஸ் கிட்டார்: வீட்டுக்கு எந்த செட்டப்?

#1 புதுக்கம்பி

வணக்கம். நாலு கம்பி பேஸ் ஒன்று பழையதாக வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. பேசிவ் வகை, பேட்டரி எதுவும் கிடையாது. இதுவரை எதிலும் செருகாமல் வெறுமனேதான் வாசித்து வந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காதை உடம்புப் பக்கம் சாய்த்துக்கொண்டு. எனக்கே நன்றாக வருவது போலத்தான் இருந்தது.

போன வாரம் நண்பர்கள் ஒத்திகை பார்க்கும் அறைக்குப் போனேன். அங்கிருந்த பெரிய ஆம்பில் (ஒலிபெருக்கிப் பெட்டியில்) செருகி முதல் வரியை வாசித்ததும் மானம் போய்விட்டது. நான் தொடாத கம்பியெல்லாம் கூடவே முனகுகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு 'டக்', பின்னால் ஒரு 'ஙொய்'. டிரம்ஸ் வாசிப்பவர் சிரிக்காமல் இருந்தார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆகவே வீட்டில் ஒழுங்காகக் கேட்டு வாசிக்க ஏதாவது செய்தே ஆக வேண்டும். என் நிலைமை இது: அடுக்குமாடியில் மூன்றாவது தளம், கீழ் வீட்டில் கைக்குழந்தை, வேலை முடிந்து கிட்டாரை எடுக்கவே இரவு பத்து ஆகிவிடும். கையில் இருப்பவை ஒரு மடிக்கணினி, ஒரு புளூடூத் ஹெட்ஃபோன், தம்பி விட்டுப்போன 10 வாட் கிட்டார் ஆம்ப் (பேஸுக்கானது இல்லை). ஒரு முறைதான் வாங்க முடியும். இரண்டாவது முறை போனால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். எதை முதலில் வாங்கலாம்?


#2 ஐந்தாவது கம்பி

ஆம்ப். யோசிக்கவே வேண்டாம்.

பேஸ் காதுக்கு மட்டுமான வாத்தியம் கிடையாது. தொடையிலும் நெஞ்சிலும் தெரிந்தால்தான் கை சரியாக நடக்கும். ஃபெண்டர் ரம்பிள் 25 மாதிரி ஒன்று, 8 அங்குல ஸ்பீக்கர், ஒரு கையால் தூக்கலாம். ஹெட்ஃபோன் துளையும் உண்டு, பாட்டை ஓடவிட ஆக்ஸ் துளையும் உண்டு. பகலில் ஸ்பீக்கர், இரவில் ஹெட்ஃபோன். பின்னால் சின்னக் கூட்டத்துக்கு வாசிக்கும் ஆசை இருந்தால் ஒரு படி மேலே போய் ரம்பிள் 40 எடுங்கள், 10 அங்குலம், மிக்சருக்குக் கொடுக்க எக்ஸ்எல்ஆர் வெளியீடும் இருக்கிறது.

அதற்கு மேல் வீட்டுக்குத் தேவையில்லை. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் என்று படித்துவிட்டுக் கனவு காணாதீர்கள். அது அரங்க மேடைக்காகச் செய்தது.


#3 தாழ்சுரம்

ஐந்தாவது கம்பி சொன்ன ஆம்ப் நல்ல ஆம்ப்தான். ஆனால் கேள்வியில் 'இரவு பத்து', 'கீழே கைக்குழந்தை' என்று இரண்டு சொல் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியாது.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். நாலு கம்பி பேஸின் தடித்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். அதாவது உங்கள் அறையை விட அந்த ஒரு சுரம் நீளம். சுவரும் தரையும் கிட்டாரின் கீச்சொலியை ஓரளவு தடுக்கும், இதைத் தடுக்காது. ஆம்பைத் தரையில் வைத்தால் காற்று வழியாகப் போவது போதாதென்று கான்கிரீட் வழியாகவும் நேராக இறங்கும். சுவரில் ஸ்பாஞ்சு ஒட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மெல்லிய ஸ்பாஞ்சு அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அதுவும் உயர்ந்த அதிர்வெண்களில். கீழ் வீட்டுக்குப் போகும் 41 ஹெர்ட்ஸுக்கு அது இருப்பதே தெரியாது.

சரி, சத்தத்தைக் குறைத்து வைத்து வாசிக்கலாமே என்பீர்கள். அங்கேதான் இரண்டாவது சிக்கல். ஒலி மெல்லியதாகும்போது நம் காது எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் இழப்பதில்லை, தாழ்ந்த சுரங்களைத்தான் முதலில் கைவிடுகிறது. 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் பெல் ஆய்வகத்தில் இதை அளந்து வளைகோடாகவே வரைந்து கொடுத்தார்கள். விளைவு என்னவென்றால், குழந்தை எழாத அளவுக்கு ஆம்பைக் குறைத்தால் உங்களுக்கு ஈ கம்பியின் அடிப்பகுதி கேட்காது. பேஸ் குமிழைத் திருப்பி ஏற்றுவீர்கள். கீழ் வீட்டுக்கு அதுதான் போய்ச் சேரும். உங்களுக்கு இல்லாத ஒலி அவர்களுக்குக் கிடைக்கும்.

மூன்றாவது, அறை. எந்த அறைக்கும் தனக்குப் பிடித்த சுரம் ஒன்று உண்டு. ஒலி வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்துப் பாருங்கள். 3.5 மீட்டர் நீள அறை என்றால் விடை 49 ஹெர்ட்ஸ். அது ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கட்டை) வரும் ஜி சுரம். அந்த ஒரு சுரம் மட்டும் குகைக்குள் கத்தியது போல வீங்கும், பக்கத்துச் சுரம் சோர்ந்து கிடக்கும். நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினால் எல்லாம் மாறும். உங்கள் விரல்தான் சமமாக அழுத்தவில்லையோ என்று வீணாகக் குழம்புவீர்கள். நான் குழம்பியிருக்கிறேன், ஏறத்தாழ ஒரு வருடம். மூலையில் வைத்த ஆம்பும் மூன்று மீட்டர் அறையும் சேர்ந்து என் ஏ கம்பியைத் திட்டு வாங்க வைத்தன.

ஹெட்ஃபோனில் இந்த மூன்றும் கிடையாது. அறையும் இல்லை, கீழ் வீடும் இல்லை, சின்ன ஸ்பீக்கர் விழுங்கிவிடும் அடிச்சுரமும் முழுதாகக் கேட்கும். அதை விட முக்கியமாக, நீங்கள் ஒத்திகை அறையில் கேட்டுப் பயந்தீர்களே, அந்த முனகலும் டக்கும், அவை ஹெட்ஃபோனில் ஒளிய இடமே இல்லாமல் காதுக்குள் வந்து நிற்கும். சுரம் எப்படித் தொடங்குகிறது என்பதை எல்லாரும் கவனிப்பார்கள். எங்கே முடிகிறது என்பதை ஹெட்ஃபோன்தான் சொல்லிக் கொடுக்கும். ஆகவே என் ஓட்டு: முதலில் நல்ல கம்பி வைத்த ஹெட்ஃபோன். அதை எதில் செருகுவது என்பது இரண்டாவது கேள்வி.


#4 சால்டரிங் சாமி

தம்பியின் 10 வாட் கிட்டார் ஆம்ப் பற்றி யாரும் பேசவில்லையே. பேஸைச் செருகியதும் கிட்டார் ஆம்ப் வெடித்துவிடும் என்று ஒரு பயம் உலவுகிறது. வெடிக்காது. பேச்சுக்குரல் அளவு ஒலியில் வைத்து, பேஸ் குமிழைக் குறைத்து வாசித்தால் ஒன்றும் ஆகாது. ஒலியை ஏற்றினால்தான் ஆபத்து. தாழ்ந்த சுரத்துக்கு ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் நிறைய தூரம் ஓட வேண்டும், கிட்டார் ஸ்பீக்கர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கிழிந்த கூம்பு பலவற்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதில் ஹெட்ஃபோன் துளை இருந்தால், ஸ்பீக்கரே அணைந்துவிடும் என்பதால், அந்தக் கவலையும் இல்லை. இன்றிரவே ஆரம்பிக்கலாம். ஒலி சுமாராகத்தான் இருக்கும்.

செய்யக் கூடாதது ஒன்று: பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோ பெட்டியில் நேராகச் செருகுவது. உங்களுடையது பேசிவ் பேஸ். அதன் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பகுதி) எதிரே சுமார் 1 மெகா ஓம் மின்தடை உள்ள நுழைவாயில் வேண்டும். ஸ்டீரியோவின் லைன் துளை அதில் நூறில் ஒரு பங்கோ என்னவோதான் இருக்கும். ட்ரெபிள் செத்துவிடும், ஒலியும் குன்றிவிடும். அதைச் சரிக்கட்ட வால்யூமை முழுக்க ஏற்றி வைத்திருக்கும் நேரத்தில் கேபிளைப் பிடுங்கினால் ஒரு 'டொம்'. அதோடு ஸ்பீக்கர் கதை முடிந்தது.


#5 புதுக்கம்பி

மிக்க நன்றி, தாழ்சுரம் ஐயா. அறையை அளந்து பார்த்தேன், 4.2 மீட்டர். கணக்குப் போட்டால் 41 வருகிறது. வெறும் ஈ கம்பியே என் அறையின் செல்லப்பிள்ளை போலிருக்கிறது!

ஆம்பில் ஹெட்ஃபோன் துளை இல்லை. என்னிடம் இருக்கும் புளூடூத் ஹெட்ஃபோன் நல்ல வகை, பேஸ் பிரமாதமாகக் கேட்கும். மடிக்கணினி வழியாக அதையே பயன்படுத்தலாமா? 'கம்பி வைத்த' என்று அழுத்திச் சொன்னதால் கேட்கிறேன்.


#6 பஃபர் 128

கூடாது, ஏன் என்று சொல்கிறேன்.

சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி வந்து சேர 100 முதல் 200 மில்லி செகண்ட் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும். பாட்டுக் கேட்கும்போது தெரியாது, எல்லாமே சேர்ந்து தாமதமாவதால். வாசிக்கும்போது நினைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லி செகண்ட். அதில் கால் பங்கு 125. அதாவது நீங்கள் தட்டிய சுரம் கால் தட்டு தள்ளித்தான் காதுக்கு வரும். அதைச் சரிக்கட்ட உங்கள் கை தன்னையறியாமல் முன்னால் ஓடப் பழகும். அப்படிப் பழகிய கையோடு டிரம்ஸ்காரர் எதிரில் போய் நின்றால் இந்த முறை அவர் சிரிப்பார்.

எவ்வளவு தாமதம் பரவாயில்லை? ஒலி 1 மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 10 மில்லி செகண்ட் என்றால் ஆம்ப் மூன்றரை மீட்டர் தள்ளி இருப்பது போல. மேடையில் அப்படி நின்று வாசிக்காதவர் யார்? ஆகவே 10-க்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு உறுத்தாது.

மடிக்கணினி வழி போவதென்றால் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (வாத்தியத்தைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வேண்டும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற ஒற்றை வாத்தியத் துளை உள்ளது போதும். செருகியதும் 'இன்ஸ்ட்' என்ற பொத்தானை அழுத்துங்கள், சால்டரிங் சாமி சொன்ன உயர் ஓம் நுழைவாயில் அதுதான். அதை அழுத்தாமல் 'ஒலி மங்கலாக இருக்கிறது' என்று புலம்புகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

மென்பொருளில் பஃபர் என்று ஒரு எண் கேட்கும், ஒரு தடவைக்கு எத்தனை ஒலி மாதிரிகளை (சாம்பிள்) சேர்த்து அனுப்புவது என்று. நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் 128 என்று வைத்தால் ஒரு பஃபர் 2.7 மில்லி செகண்ட். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, அதற்கு மேல் டிரைவர் எடுத்துக்கொள்ளும் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து 10-க்குள் அடங்கும். 512 என்று வைத்தால் ஒரு பஃபரே 10.7 ஆகிவிடும். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் தயாரித்தவரின் சொந்த ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) போடுங்கள், மேக் என்றால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கணினி மிகப் பழையது என்றால் டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்துங்கள், ஒலி கணினிக்குள் சுற்றாமலேயே ஹெட்ஃபோனுக்கு வரும். ஆம்ப் சாயல் இருக்காது, தாமதமும் இருக்காது.

மென்பொருளுக்குச் செலவே செய்யாமல் ஓட்டலாம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்க விடுகிறார்கள், மேக்கில் கராஜ்பேண்ட் இருக்கிறது, ஆம்ப் ஒலிக்கு நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம். அப்புறம் ஒரு பெரிய லாபம்: பதிவு செய்து கேட்கலாம். வாசிக்கும்போது நாம் கேட்பது நாம் வாசிக்க நினைத்ததை. பதிவில் கேட்பதுதான் வாசித்தது.


#7 மாலை வகுப்பு

பஃபர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. ஆனாலும் தொடக்கநிலையில் இருப்பவருக்கு மடிக்கணினியை நான் சொல்ல மாட்டேன். பேஸ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது, அதனால் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன்.

என்னிடம் வந்த ஒருவர் இன்டர்ஃபேஸ், பெரிய திரை, எல்லா மென்பொருளும் வைத்திருந்தார். இரவு ஒன்பதரைக்கு உட்காருவார். கணினி விழிக்கும். ஏதோ ஒரு புதுப்பிப்பு கேட்கும். டிரைவர் காணாமல் போகும், திரும்பி வரும். அப்புறம் மென்பொருளில் எந்த ஆம்ப், எந்தக் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி), எந்த மைக் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். பத்தேகாலுக்குத் தூக்கம் வந்துவிடும். ஆறு மாதத்தில் அவருக்கு எல்லாக் கேபினெட் பெயரும் தெரிந்தது, மேஜர் ஸ்கேல் இரண்டு ஆக்டேவ் போகவில்லை.

இன்னொரு பெண். கையில் வாக்ஸ் ஆம்ப்பிளக், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, இரண்டு மெல்லிய பேட்டரி, நேராகப் பேஸின் துளையில் செருகி அதிலேயே ஹெட்ஃபோனைச் செருகிக்கொள்வது. கைபேசியிலிருந்து ஆக்ஸ் கம்பி. பேஸ் எப்போதும் ஸ்டாண்டில், நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும். பத்து நிமிடம் கிடைத்தால் பத்து நிமிடம் வாசிப்பார். ஒலி அப்படியொன்றும் சிறப்பில்லை. கை எங்கேயோ போய்விட்டது.

ஆகவே நான் கேட்கும் ஒரே கேள்வி: எடுத்ததிலிருந்து முதல் சுரம் வரை எவ்வளவு நேரம்? அரை நிமிடத்துக்குள் என்றால் நல்ல செட்டப். ஆம்ப்பிளக் வகையோ, ஜூம் பி1 ஃபோர் போன்ற பெட்டியோ, எதுவானாலும் சரி. ஜூமில் ட்யூனர், தாளம், லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டுவது) மூன்றும் உள்ளேயே இருப்பதால் தனித்தனியாக எதையும் தேட வேண்டாம்.

ஸ்டாண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உறைக்குள் ஜிப் போட்டுப் பரணில் கிடக்கும் பேஸை வேலை முடிந்து வந்த இரவில் யார் எடுப்பார்கள்? அதேபோல ஸ்ட்ராப். உட்கார்ந்து வாசித்தாலும் போட்டுக்கொள்ளுங்கள், நின்றாலும் உட்கார்ந்தாலும் பேஸ் ஒரே உயரத்தில் இருக்கும்படி நீளத்தை வையுங்கள். இல்லையென்றால் வீட்டில் பழகிய மணிக்கட்டு ஒன்று, மேடையில் கிடைக்கும் மணிக்கட்டு வேறு. கை வைத்த நாற்காலி வேண்டாம், கட்டில் ஓரம் அதைவிட மோசம்.


#8 ஐந்தாவது கம்பி

எல்லாரும் ஹெட்ஃபோன் கட்சி ஆகிவிட்டீர்கள். சரி, எதிர்க்கட்சியும் வேண்டுமே.

இரண்டு வருடம் ஹெட்ஃபோனில் மட்டும் வாசித்துவிட்டு வந்தவர்களோடு நான் ஒத்திகை செய்திருக்கிறேன். ஒலி காதுக்குள்ளேயே கிடைப்பதால் பூப்போல வருடுவார்கள். டிரம்ஸ் சேர்ந்ததும் காணாமல் போவார்கள். உடனே பதறி நகம் பெயரும்படி பிடுங்குவார்கள். நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அது காற்று அசையும் அறையில்தான் கைக்கு வரும். ஆம்ப் சுத்தமாகத் தேவையில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, காது. பேஸ் உடம்பில் தெரியாதபோது ஆசை அடங்காமல் ஒலியை ஏற்றிக்கொண்டே போவோம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியாஷின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-க்கு ஏற்றினால் ஒரு மணி நேரம். நள்ளிரவில் அமைதி சூழ்ந்த வீட்டில், வாசித்து முடித்துக் கழற்றும்போது காதில் 'ஙீ' என்று கேட்டால் அன்றைக்கு அதிகமாகிவிட்டது என்று பொருள்.

உடம்பில் தெரிய ஒரு ஏழை வழி சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பேஸின் தலைப்பகுதியை மர அலமாரிக் கதவிலோ மேசையிலோ மெல்லச் சாய்த்து வாசியுங்கள். மொத்த மரமும் பாடும். இன்னும் நெருக்கமாக வேண்டுமானால் பேஸின் மேல்கொம்பில் தாடையை வையுங்கள். எலும்பு வழியாக மண்டைக்குள் கேட்கும். எங்கும் எதையும் செருகாமல், பக்கத்தில் தூங்குபவரை எழுப்பாமல். (அலமாரி நள்ளிரவில் வேண்டாம், அந்த மரம் பாடுவது அடுத்த அறைக்கும் கேட்கும்.)

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் ஐந்தாவது கம்பி 31 ஹெர்ட்ஸ். 8 அங்குல ஸ்பீக்கரில் அதன் அடிச்சுரம் கேட்பதே இல்லை, மேல் ஒத்திசைவுகளை வைத்து மூளை தானே ஊகித்துக்கொள்கிறது. ஹெட்ஃபோனில்தான் அது இருப்பதே தெரிந்தது.


#9 ஸ்லைடு சித்தன்

அலமாரி வழிக்கு நான் சாட்சி. எங்கள் வீட்டு அலமாரிக்கு இப்போது நல்ல தாள ஞானம்.


#10 தாழ்சுரம்

ஐந்தாவது கம்பி சொல்லும் கைப்பலம் பற்றிய கருத்து உண்மை. அதற்கு மாதம் இரண்டு ஒத்திகை போதும் என்பது என் அனுபவம், வீட்டு ஆம்ப் அதைத் தந்ததில்லை. வீட்டில் ஒலியை எவ்வளவு ஏற்றிவிட முடியும்?

ஹெட்ஃபோன் வழி இரண்டாந்தரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 ஃபெண்டர் ப்ரசிஷன் பேஸைப் பல பதிவுகளில் நேராக மிக்சர் மேசையில்தான் செருகினார். நாம் கேட்டு வாய்பிளக்கும் அந்த ஒலியில் ஆம்பே கிடையாது. தட்டைக் கம்பி, பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகள் முடியும் இடம்) மூடிக்கு அடியில் ஸ்பாஞ்சு, வலக்கையில் ஒரே ஒரு விரல். அவ்வளவுதான்.

அந்த ஸ்பாஞ்சை நீங்களும் முயலலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு விரல் அகலம் வெட்டி, பிரிட்ஜ் ஓரத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். சுரம் 'தும்' என்று குறுகி நிற்கும், செருகாமல் வாசித்தாலும் கம்பியின் கிணுகிணுப்பு அடங்கும். ஆனால் முனகலைச் சரி செய்யப் பழகும் நாட்களில் அதை எடுத்துவிடுங்கள். ஸ்பாஞ்சு உங்கள் தப்பையும் சேர்த்து அமுக்கிவிடும். வலக்கைக் கட்டைவிரல் ஒரே இடத்தில் ஊன்றி நிற்காமல், வாசிக்கும் கம்பிக்கு மேலே இருக்கும் தடித்த கம்பிகளின் மீது இறங்கி நகர வேண்டும். மெல்லிய கம்பிகளை இடக்கை ஆள்காட்டியின் அடிப்பகுதி தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் 'ஙொய்'க்கு மருந்து இதுதான்.

எந்த ஹெட்ஃபோன் என்று தனிமடலில் இருவர் கேட்டார்கள். காதை முழுக்க மூடும், பின்பக்கம் அடைத்த வகை. சோனி எம்டிஆர்-7506 (63 ஓம்) அல்லது பேயர்டைனமிக் டிடி 770 புரோ. பின்னது 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வருகிறது, அவசரத்தில் 250-ஐ எடுத்துவிடாதீர்கள். பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்ப் அதைத் தள்ள மூச்சு வாங்கும்.


#11 சால்டரிங் சாமி

ஹெட்ஃபோன் போட்டதும் புதிதாக ஒரு புகார் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 'உஸ்' அல்லது 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்.

மடிக்கணினியோடு வந்தால் முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே தீரும், பேட்டரியில் வாசித்துவிட்டுப் போகலாம். ஜாஸ் வகைப் பேஸ் என்றால் இரண்டு பிக்கப்பின் வால்யூமையும் முழுக்கத் திறந்து வையுங்கள். இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை, சேர்ந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும். ஒன்றைக் குறைத்ததும் 'ம்ம்ம்' திரும்பி வரும். ப்ரசிஷன் வகையில் ஒரே பிக்கப்பைப் பிளந்து அதே வேலையைச் செய்திருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலான பேஸ்கள் அப்படித்தான். தொட்டதும் கூடினால் உள்ளே எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறது.

ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்கள் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுங்கள். துளையில் கேபிள் இருக்கும்வரை உள்ளே 9 வோல்ட் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். 'பேஸ் ரிப்பேர்' என்று என்னிடம் வந்து, பேட்டரி மாற்றியதோடு முடிந்த கதைகள் ஏராளம்.


#12 மெல்லிசை

குறுக்கே ஒரு சந்தேகம். கிளிப் ட்யூனர் ஈ கம்பியைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. எண் இங்கும் அங்கும் ஓடுகிறது.


#13 மாலை வகுப்பு

தாழ்ந்த அதிர்வில் கிளிப் தடுமாறும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராகக் கம்பியை மெல்லத் தொட்டு ஹார்மோனிக் எழுப்பிச் சுருதி பாருங்கள், ஒரு ஆக்டேவ் மேலே கேட்பதால் உடனே பிடிக்கும். அதைத் தட்டும்போது மற்றக் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொள்ளுங்கள்.


#14 புதுக்கம்பி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லாரும் இவ்வளவு எழுதியிருக்கும்போது என்ன ஆயிற்று என்று சொல்லாமல் இருப்பது முறையாக இருக்காது.

செருகும் வகைக் குட்டி ஹெட்ஃபோன் ஆம்ப், 80 ஓம் டிடி 770, ஒரு ஸ்டாண்ட், ஒரு ஸ்ட்ராப். இவ்வளவுதான் வாங்கினேன். எடுத்ததிலிருந்து முதல் சுரம் வரை பத்தொன்பது செகண்ட், கைபேசியில் நேரம் பார்த்தேன்.

முதல் நாள் ஹெட்ஃபோனில் கேட்டபோது பேஸையே விற்றுவிடலாமா என்று தோன்றியது. செருகாமல் வாசித்த இரண்டு மாதத்தில் கை எவ்வளவு முரட்டுத்தனமாகப் பழகியிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. கேட்க வேண்டும் என்பதற்காகக் கம்பியைப் பிடுங்கியிருக்கிறேன், அந்த 'டக்' கம்பி ஃப்ரெட்டில் போய் அடிக்கும் சத்தம். ஆம்பின் ஒலியைக் கொஞ்சம் ஏற்றி, விரலைப் பாதியாகக் குறைத்ததும் பெரும்பகுதி போய்விட்டது. முனகலுக்குக் கட்டைவிரல் வழிதான். மூன்று வாரம் வேறு எதுவும் வாசிக்கவில்லை. நாலு கம்பியில் நாலு சுரம், நிமிடத்துக்கு 50 தட்டில் மெட்ரோனோம், ஒவ்வொரு சுரமும் அடுத்த தட்டு விழும்போது சரியாக நிற்க வேண்டும். எவ்வளவு அலுப்பாக இருந்தது என்று சொல்லி மாளாது.

பஃபர் சொன்ன பதிவு விஷயத்தை இன்டர்ஃபேஸ் இல்லாமலேயே ஒப்பேற்றினேன். தம்பியின் கிட்டார் ஆம்பை ஞாயிறு பகலில் பேச்சுக்குரல் அளவில் வைத்து, கைபேசியில் பதிவு. அடிச்சுரம் சுத்தமாக வராது, ஆனால் எங்கே தள்ளிப்போகிறேன் என்பது நன்றாகவே கேட்கிறது. மூன்றாவது தட்டுக்கு எப்போதும் சீக்கிரம் வருகிறேன்.

போன ஞாயிறு மறுபடி ஒத்திகை அறை. ஐந்தாவது கம்பி அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. டிரம்ஸ் தொடங்கியதும் நான் காணாமல் போனேன், பதறிப் பிடுங்கத் தொடங்கினேன். நல்ல வேளை, உடனே நினைவு வந்து, விரலை விட்டுவிட்டு ஆம்பின் மிட் குமிழை (நடு அதிர்வெண்களுக்கானது) ஏற்றினேன். கேட்டது. முனகல் இல்லை. டிரம்ஸ்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்ததற்குப் போனார்.

இப்போது வந்த சிக்கல் வேறு. கீழ் வீட்டு அம்மா படியில் நிறுத்திக் கேட்டார்: "தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல என்னப்பா தட்டுறீங்க?" பேஸ் ஒரு துளிகூட வெளியே போகவில்லையே என்று யோசித்துப் பார்த்தால், தாளத்துக்கு நான் தட்டும் கால்!


#15 ஐந்தாவது கம்பி

ஹாஹா. இந்த இழை முழுக்க 41 ஹெர்ட்ஸைப் பற்றிப் பேசினோம், குதிகாலை யாரும் நினைக்கவில்லை.

மிட் குமிழைத் தொட்டீர்களே, அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. காலைத் தட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள், தாளம் உடம்பிலிருந்து கழன்றுவிடும். கனமான போர்வையை நாலாக மடித்துக் காலடியில் போட்டு, குதிகாலை ஊன்றி முன்பாதத்தை மட்டும் தட்டுங்கள். செருப்பு வேண்டாம்.


#16 புதுக்கம்பி

போட்டாயிற்று. நேற்று படியில் பார்த்தேன், அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை மட்டும் என் காலையே பார்த்தது.